கன்சோலில் எந்தக் கெர்னல் செய்தி தெரிய வேண்டும்?
குமரி மாவட்டத்தில் முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் லினக்ஸ் இயங்குதளக் கணினியை வைத்திருப்போர், உப்புக்காற்றால் யுஎஸ்பி முனைகள் துருப்பிடித்து, கருவி துண்டிக்கப்பட்டது, மீண்டும் இணைந்தது என்ற செய்திகள் கன்சோல் என்னும் எழுத்துத் திரையை நிரப்பக் காணலாம். முனையை மாற்றுவதே முறையான தீர்வு. அதுவரை, தேவையற்ற செய்திகளை மட்டும் திரையிலிருந்து விலக்கி, வட்டுப் பிழை போன்றவை கண்ணில் படும்படி வைப்பது அவசியம்.

இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை எண் இடுகிறது. எண் குறையக் குறைய அவசரம் கூடும்: 0 கணினி செயலிழக்கும் நெருக்கடி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 6 வெறும் தகவல், 7 நிரலாளருக்கான குறிப்பு. யுஎஸ்பி துண்டிப்புச் செய்தி 6-ஆம் நிலையைச் சேர்ந்தது. கன்சோலுக்கு வைத்த வரம்பைவிடக் குறைந்த எண்ணுடைய செய்தி மட்டுமே திரைக்கு வரும். வரம்புக்குச் சமமானது வராது. ஆகவே, பிழைகள் தெரியட்டும் என்று எண்ணி வரம்பை 3 என்று வைத்தால், அந்தப் பிழைகளே மறைந்துவிடும். எச்சரிக்கைகளும் தெரியும்படி 5 என வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

தற்போதைய நிலையை அறிய, ப்ராக் அடைவினுள் சிஸ், அதனுள் கெர்னல் என்று சென்று, பிரிண்ட்கே என்ற கோப்பைப் (/proc/sys/kernel/printk) படியுங்கள். அதிலுள்ள நான்கு எண்களில் முதலாவது இப்போதைய வரம்பு. இரண்டாவது நிலை குறிக்கப்படாத செய்திக்குத் தரப்படும் எண். மூன்றாவது வரம்பை இறக்கக்கூடிய எல்லை. நான்காவது வரம்பின் இயல்பு மதிப்பு.

ரூட் எனும் நிர்வாகி உரிமையுடன், கெர்னல் செய்திகளைக் கையாளும் கட்டளையை 'டிமெசேஜ் -என் 5' (dmesg -n 5) என்று இட்டால் வரம்பு உடனே மாறும். முதல் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் இது நீங்கிவிடுமாதலால், கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) கருவியின் அமைப்புக் கோப்பில் 'கெர்னல்.பிரிண்ட்கே = 5 4 1 7' (kernel.printk = 5 4 1 7) என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அக்கோப்பு படிக்கப்படும் முன்பே வெளிவரும் தொடக்கச் செய்திகளுக்கு, கணினியைத் தொடக்கும் நிரலான கிரப் (GRUB) வழியாகக் கெர்னல் கட்டளை வரியில் 'லாக்லெவல்=5' (loglevel=5) எனக் கொடுங்கள்; அங்கே செய்திகளைக் குறைக்கும் 'கொயட்' (quiet) என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

திரையில் மறைந்த செய்தி அழிவதில்லை. கெர்னலின் நினைவகத்தில் தங்கியிருப்பதை டிமெசேஜ் காட்டும். ஆனால் ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போனால் அந்த நினைவகமும் காலியாகிவிடும். எனவே பதிவுகளைத் திரட்டும் சிஸ்டம்டி ஜர்னலின் (systemd journal) அமைப்பில் சேமிப்பை 'பெர்சிஸ்டன்ட்' (Storage=persistent) என மாற்றி, பதிவுகள் வட்டில் எழுதப்படச் செய்யுங்கள். அதன்பின், 'ஜர்னல்கன்ட்ரோல் -கே -பி -1' (journalctl -k -b -1) என்ற கட்டளை, மின்சாரம் போவதற்கு முன் கெர்னல் எழுதியவற்றில் வட்டை எட்டியவற்றைக் காட்டும்.