கட்டாய வரலாற்றுத் தாள் உங்கள் தலையில் விழுந்தால்

டைம்டேபிளைக் கையில் கொடுக்கும்போது ஹெச்.ஓ.டி. கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தால் புரிந்துகொள்ளுங்கள், 'தமிழர் மரபு' உங்களுக்கு வந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 கல்வியாண்டிலிருந்து முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் எல்லாருக்கும் கட்டாயமாக்கிய தாள் அது. முதல் செமஸ்டரில் இது, இரண்டாவதில் 'தமிழரும் தொழில்நுட்பமும்'. ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட், 15 பீரியட். பொறியியல் கல்லூரியில் வரலாற்றுத் துறைக்கு எங்கே போவது? ஆங்கிலம், கணக்கு, வேதியியல் என்று யாருக்கு பீரியட் குறைகிறதோ அவருக்குப் போகும். நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக இந்த இரண்டு தாளையும் எடுக்கிறேன். புதிதாக எடுக்க வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வேனோ அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் நாளே பின் பெஞ்சிலிருந்து வரும்: "மெக்கானிக்கலுக்கு எதுக்கு மேடம் ஹிஸ்டரி?" நியாயமான கேள்வி. பண்பாடு, பெருமை, முன்னோர் என்று பேச்சைத் தொடங்கினீர்களானால் அந்த நிமிடமே வகுப்பு கைவிட்டுப் போய்விடும். நான் திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பைச் சொல்வேன். காவிரித் தண்ணீர் ஆழம் கூடிய கொள்ளிடத்துக்கே ஓடிப்போய், காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்த காலத்தில் ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அதில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. நாளைக்கு உங்களில் ஒருவரை இப்படி ஒரு பழைய கட்டுமானத்தின் முன்னால் நிறுத்தி "இது எத்தனை காலம் தாங்கும்?" என்று கேட்பார்கள். அப்போது கையில் இருப்பது யாரோ எப்போதோ வரைந்த வரைபடமும், யாரோ எதற்காகவோ எழுதிய அறிக்கையும்தான். எழுதியவர் யார், எப்போது, எதற்காக, எதை விட்டுவிட்டார் என்று கேட்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த மணிநேரம் என்பேன். பையன் ஒப்புக்கொள்வான் என்று சொல்லவில்லை. செல்போனைக் கீழே வைப்பான், அது போதும்.

கட்டாயம் சரியா என்று ஆசிரியர் அறையிலும் கேட்பார்கள். என் கட்சி, கட்டாயம் வேண்டும். விருப்பப் பாடமாக வைத்தால் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள். வந்த ஃபார்வர்டை வாசிக்காமலே குடும்பக் குழுவில் தட்டிவிடுகிறவன் வரமாட்டான். வர வேண்டியவன் அவன்தான். ஆனால் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதற்காகக் கட்டாயம் என்றால் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிள்ளைகளைத் தூங்க விடலாம், விடுதியில் தூக்கமே கிடைப்பதில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அரசுக் கல்லூரியில் என்ன பட்டம் வாங்கினாலும் 6 கிரெடிட் அமெரிக்க வரலாறு படித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதாவது இரண்டு முழு செமஸ்டர் தாள். நமக்குக் கிடைத்திருப்பது தாளுக்கு 15 பீரியட். அதிலும் பிளேஸ்மென்ட் பயிற்சி, ரத்ததான முகாம், கல்லூரி விழா ஒத்திகை எல்லாம் முதலில் கை வைப்பது நம் பீரியடில்தான்.

ஆகவே சமமாகப் பங்கு போடாதீர்கள். பாடத்திட்டம் ஐந்து யூனிட்டுக்கும் மூன்று மூன்று பீரியட் என்று வைத்திருக்கிறது. மொழி-இலக்கியம், பாறை ஓவியம் முதல் நவீன ஓவியம் வரை, நாட்டுப்புறக் கலை-வீர விளையாட்டு, திணைக் கோட்பாடு, தேசிய இயக்கத்தில் தமிழர் பங்கு. நாட்டுப்புறக் கலையை ஒரே பீரியடில் முடித்துவிடலாம். கரகமோ சிலம்பமோ தெரிந்த பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும், அவரைப் பேசவிட்டு நீங்கள் உட்காருங்கள். இப்படி மிச்சம் பிடிக்கும் நேரத்தை ஆதாரத்தோடு மல்லுக்கட்டச் செலவிடுங்கள்.

முதல் வேலை, பிறந்த தேதி. வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியிடம் இரண்டு விஷயம் கேட்டு வரச் சொல்லுங்கள்: ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி, அவர்கள் வாயால் சொல்லும் பிறந்த காலம். அடுத்த வாரம் அட்டைத் தேதிகளைப் பலகையில் எழுதினால் மே, ஜூன் மாதங்கள் நிரம்பி வழியும். அந்தத் தலைமுறையே கோடையில்தான் பிறந்ததா என்று கேளுங்கள். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் விஷயத்தைச் சொல்லிவிடுவாள்: வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜூனில் சேரும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து ஒரு தேதியைப் போட்டார். அது டி.சி.யில் ஏறி, அங்கிருந்து ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் வரை வந்துவிட்டது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்பு வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்று வாங்கியவர்கள் குறைவு.

இனி வாய்மொழிப் பக்கம். "தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷம் நான் கைக்குழந்தை" என்று ஒரு பாட்டி சொல்லியிருப்பார். அந்தப் புயல் 1964 டிசம்பர். அட்டையில் 1961 ஜூன் என்று இருந்தால் எதை நம்புவது? இன்னொருவர் "அண்ணா செத்தப்போ நான் மூணாங்கிளாஸ்" என்பார். அது 1969 பிப்ரவரி. அரசாங்க முத்திரை இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. பாட்டி சொல்வதாலும் ஆகிவிடாது, கைக்குழந்தைக்குப் புயல் நினைவிருக்காது, யாரோ சொல்லிக் கேட்டதுதான் அது. இரண்டையும் உரசிப் பார்க்க மூன்றாவது ஒன்று வேண்டும்: அக்கா தம்பி வயசு, கல்யாணப் பத்திரிகை, பழைய சொத்துப் பத்திரத்தில் போட்டிருக்கும் வயது. இதை அசைன்மென்டாகக் கொடுங்கள். ஏ.ஐ.யிடம் கேட்டு எழுத முடியாத அசைன்மென்ட் இன்றைக்கு இது ஒன்றுதான், பாட்டியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, உத்திரமேரூர். இதை அவசரப்படாமல் நடத்துங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. குடவோலை முறையைப் பள்ளியிலேயே படித்துவிட்டுத்தான் வருவார்கள். "உலகத்துக்கே தேர்தல் சொல்லிக்கொடுத்தது நாம்தான்" என்று வகுப்பே சொல்லும். மறுக்காதீர்கள். கல்வெட்டு வைக்கும் தகுதிகளை மட்டும் பலகையில் எழுதுங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. பிறகு, "இந்த வகுப்பில் யார் பெயர் ஓலையில் வரும்? கை தூக்குங்கள்" என்று கேளுங்கள்.

வயதை விட்டுவிட்டே கேட்டாலும் ஒரு கையும் எழாது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், அந்தச் சபையின் விதிகள் அவை என்று அப்போது சொல்லுங்கள். 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), குடும்புக்கு ஒரு பெயர், சின்னப் பையன் ஒருவனைவிட்டு ஓலை எடுக்கச் சொல்வது, ஒரு வருடப் பதவி, ஏரிக்குத் தனி வாரியம் என்று அந்த ஏற்பாட்டின் நேர்த்தியையும் சொல்லுங்கள். கணக்குக் காட்டாதவனின் சொந்தக்காரனுக்கும் சேர்த்துத் தடை போட்ட விதியைக் கேட்டால் பையன்கள் கைதட்டுவார்கள், இன்றைய ஊராட்சி அவர்கள் மனத்தில் ஓடும். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் உள்ளே இருந்தவர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதையும் ஒரே கல்லில் படிக்கலாம். எனக்கு இந்தத் தாளிலேயே மிகவும் பிடித்த மணிநேரம் இதுதான்.

பெரிய கோயில் நிழலுக்கு அதிக நேரம் வேண்டாம். விமான நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், சாயங்காலம் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பிள்ளை யாராவது இருந்தால் அன்று மாலையே படம் குழுவுக்கு வந்துவிடும். 1010-ல் அவ்வளவு உயரத்துக்குக் கல்லை ஏற்றியது போதாதா, நிழலையும் மறைக்க வேண்டுமா!

இரண்டாவது செமஸ்டரில் நீர்ப்பாசனம் வரும்போது கல்லணைக்குக் கூட்டிப் போங்கள். திருச்சி, தஞ்சாவூர்க் கல்லூரிகளுக்கு ஒரு மதியம் போதும். அங்கே போய்ச் சொற்பொழிவு வேண்டாம். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, "கண்ணில் படுவதில் எது கரிகாலன் காலத்தது, எது இல்லை?" என்று எழுதச் சொல்லுங்கள். பாலமும் மதகுகளும் பிரிட்டிஷார் காலம். கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தோடு 1934-ல் வந்தது. மணலுக்குள் கிடக்கும் பழைய கல்தான் மிச்சம், அது கண்ணுக்கே தெரியாது. சிவில் மாணவர்கள் அந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்க்காத கேள்விகள் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் அங்கே பணியில் இருக்கும் நீர்வளத் துறைக்காரரிடம் விட்டுவிடுங்கள், ஆசையாகச் சொல்வார்.

கீழடி பற்றிப் பேசாமல் முடியாது. கி.மு. 580 என்ற தேதி எல்லாருக்கும் தெரியும். ஒரு குழியில், குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த கரியை ஆய்வகத்துக்கு அனுப்பி வந்த தேதி அது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. மாதிரி எங்கிருந்து எடுத்தார்கள், அதே அடுக்கில் வேறு என்ன கிடந்தது, முன்பின் எத்தனை ஆண்டு பிசகலாம் என்ற மூன்று கேள்வியைப் பழக்கிவிட்டால், 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வின் இரும்புத் தேதிகளையும் அவர்களே அலசிவிடுவார்கள். அளவீட்டுப் பிழையை இயற்பியல் லேபில் தினம் எழுதுகிறவர்கள்தானே.

கடினமான இடம் ஒன்று உண்டு. "ராஜராஜன் எங்க ஆளுங்க" என்று ஒரு பையன் எழுந்து சொல்வான். இன்னொரு மூலையிலிருந்து இன்னொருவன் "இல்ல, எங்க ஆளு" என்பான். வகுப்பு சட்டென்று சூடாகும். அதட்டாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். இருவரையும் அடுத்த பீரியடுக்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லுங்கள்: கல்வெட்டின் பெயர், இருக்கும் கோயில், வாசகம். யூடியூப் காணொளி செல்லாது, சாதிச் சங்கம் அச்சிட்ட நோட்டீஸும் செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் இருவரும் வெறுங்கையோடு வருவார்கள். அப்போது பெரிய கோயில் சுவரில் பெயர் பொறித்துவைத்திருக்கும் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். ஒவ்வொருத்தியும் எந்த ஊரிலிருந்து வந்தாள், எந்த வீடு, எவ்வளவு நெல் என்று கல்லில் இருக்கிறது. அவர்களை எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாட இதுவரை யாரும் எழுந்ததில்லை. அதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகத் தேர்வு. செமஸ்டர் கேள்வித்தாள் நம் கையில் இல்லை, "சிறு குறிப்பு வரைக" இருக்கத்தான் செய்யும். அதற்குக் கடைசி இரண்டு பீரியடை ஒதுக்கி கொஸ்டின் பேங்கை ஓட்டிவிடுங்கள், அரியர் விழுந்தால் பிள்ளைகள் இந்தத் தாளை ஆயுசுக்கும் வெறுப்பார்கள். இன்டர்னல் கேள்விகள் மட்டும் நம்முடையவை. உத்திரமேரூர் விதிகளில் நான்கைக் கொடுத்து, இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று கேளுங்கள். தமிழிலும் எழுதலாம் என்பதைப் பலமுறை சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதத் திணறும் பையன் தமிழில் இரண்டு பக்கம் எழுதுகிறான். திருத்தும்போது முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் காரணம் காட்டியிருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள். காரணம் இல்லாமல் பெருமை மட்டும் பேசியிருந்தால் பாதி போடுங்கள். யாராவது வந்து ஏன் என்று கேட்டால் விடைத்தாளை அவர் கையிலேயே கொடுத்து, ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.