கல் முற்றத்தில் தூசிதான் முதல் எதிரி

முன்முற்றத்தில் ஜல்லி போட்டுவிட்டால் அப்புறம் வேலையே இருக்காது என்று நம்பித்தான் நானும் போட்டேன். 20 அடிக்கு 15 அடி இடம். புல்தரையை வெட்டி எடுத்துவிட்டு, களை வராமலிருக்கத் துணி விரித்து, முக்கால் அங்குல ஜல்லியை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பி, இடையிடையே வறட்சி தாங்கும் செடிகளை வைத்தேன். முதல் வருஷம் எதிர்பார்த்தபடியே இருந்தது. இரண்டாம் வருஷம் கல்லுக்கு நடுவே பச்சை தலைகாட்டியது. துணி கிழிந்துவிட்டதோ என்று ஓர் இடத்தில் கல்லை ஒதுக்கிப் பார்த்தேன். துணி முழுசாக இருந்தது. அதன்மேல் அரை அங்குலத்துக்கு நல்ல கறுப்பு மண் படிந்திருந்தது. நான் போடாத மண்.

காற்றில் வந்த தூசியும், உதிர்ந்து மக்கிய இலையும் சேர்ந்து உண்டானது அது. விதையும் அதே காற்றில்தான் வருகிறது, மீதி பறவை எச்சத்தில். கீழேயிருந்து முளைத்து வருவதைத் துணி தடுக்கும். மேலே விழுந்து முளைப்பதைத் துணி என்ன செய்ய முடியும்? ஆகவே, கல் முற்றப் பராமரிப்பில் முக்கால்வாசி வேலை, கற்களுக்கு இடையே மண் சேரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இலை விழுந்தால் காய்ந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நனைந்தால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும், நசுங்கி உள்ளே இறங்கிவிடும். விளக்குமாறு இதற்கு ஆகாது. இலையோடு கல்லையும் இழுக்கும், தூசியைக் கீழே தள்ளும். வளைந்து கொடுக்கும் மெல்லிய பற்கள் உள்ள வாரியால் மேலாக வாரினால் போதும். ஊதும் இயந்திரம் இருந்தால் குறைந்த வேகத்தில், தரையோடு சாய்த்துப் பிடித்து ஊதலாம். வாரம் ஒருமுறை, கால் மணி நேர வேலை. நான் செய்த தப்பு ஒரு காகிதப்பூச் செடியை நடுவில் வைத்தது. தண்ணீர் அதிகம் கேட்காது, அழகாகப் பூக்கும், எல்லாம் சரி. ஆனால் காகிதம் போன்ற அந்தப் பூவிதழ்கள் ஒவ்வொரு இடுக்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கற்றாழை, மருள் மாதிரிச் செடிகளிடம் இந்தத் தொல்லை கிடையாது. பொடி இலை உதிர்க்கும் மரத்தடியில் ஜல்லியே போடாதீர்கள். அதை எந்த வாரியாலும் வார முடியாது.

களை பிடுங்க ஏற்ற நாள், மழை பெய்ததற்கு மறுநாள். இரண்டு இலை விட்ட குருத்து, விரல் பட்டதும் வேரோடு வரும். இரண்டு வாரம் விட்டால் வேர் துணியின் இழைக்குள் புகுந்துவிடும். பிடுங்கும்போது துணியும் சேர்ந்து எழும்பும். நெருஞ்சியைப் பூ விடும்போதே எடுத்துவிட வேண்டும். காய்த்து முள் உதிர்ந்துவிட்டால் அதைக் கல்லிலிருந்து பொறுக்கப் பொறுமை போதாது. அருகம்புல் ஓரத்திலிருந்து கல்லின்மேல் படர்ந்து வரும். செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டிய பிறகுதான் என் வீட்டில் அடங்கியது.

கோரை வேறு ரகம். ஊசி மாதிரி முனையால் துணியையே குத்திக்கொண்டு வெளியே வரும். இழுத்தால் தாள் கையோடு வரும், கிழங்கு கீழேயே இருக்கும். கைக்கு எட்டினால் கிழங்கைத் தோண்டி எடுங்கள். முடியாத இடத்தில், தலைகாட்டும்போதெல்லாம் அடியோடு வெட்டிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு இலை விட்டால் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வெட்டினால் பழைய கிழங்கின் சத்து தீர்ந்துகொண்டே வரும். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த உப்பு மழையோடு செடி வேருக்குப் போய்ச் சேரும். அதே மாதிரி, துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரிப்பதும் வேண்டாம். தண்ணீரும் காற்றும் மண்ணுக்குள் போகாது.

இனி தண்ணீர். வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் இறங்கும்வரை, அதாவது முதல் ஒன்றிரண்டு வருஷம், ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். அதற்குப் பிறகு அவை பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. நம் அன்பால்தான் சாகின்றன. மேலே கல் கொதிக்கிறதே என்று தினமும் மாலையில் குழாயால் நனைத்து, மூன்று ஆனைக்கற்றாழைகளை நானே அழுகவைத்தேன். கல் போர்த்தியிருப்பதால் கீழே ஈரம் சீக்கிரம் ஆவியாவதில்லை. மேலே பார்த்து ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. இப்போதெல்லாம் செடி ஓரத்தில் கல்லை ஒதுக்கி, நீளமான ஸ்க்ரூடிரைவரை 4 அங்குலம் இறக்கி எடுத்துப் பார்க்கிறேன். ஈர மண் ஒட்டி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. காய்ந்து வந்தால், ஆழமாக நனையும்படி நிறைய விட்டு, மறுபடி காயும்வரை தொடுவதில்லை.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் ஒரு தொல்லை உண்டு: தண்ணீர் சொட்டும் முனை, அதாவது சொட்டி, அடைத்துக்கொண்டாலும் கல்லுக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. செடி வாடிய பிறகுதான் தெரியும். நான் ஒவ்வொரு சொட்டியின் மேலும் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து சேற்றை வெளியேற்றுவதும் அன்றைக்கே. செடி பெரிதாகப் பெரிதாகச் சொட்டியைத் தண்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டே போங்கள். தண்ணீர் குடிக்கிற வேர் அங்கேதான் இருக்கும்.

இளங்கன்றின் தண்டை ஒட்டிக் கல்லைக் குவிக்கக்கூடாது. மதிய வெயிலில் சூடேறிய கல் பட்டையைச் சுட்டுவிடும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். கல் மக்காது என்பதால் மண்ணுக்குச் சத்தும் சேராது. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பிடி மக்கிய உரம் போதும், அதையும் கல்லை விலக்கி அடியில் போடுங்கள். மேலே தூவினால் களைக்குப் படையல் வைத்த மாதிரி.

நடக்கிற தடத்தில் கல் ஓரமாக ஒதுங்கித் துணி தெரியத் தொடங்கும். உருண்டைக் கூழாங்கல் இன்னும் சீக்கிரம் நகரும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வாரியால் சமப்படுத்துங்கள். குறைந்த இடத்துக்குப் புதுக் கல் போடுவதென்றால் முதலில் கழுவுங்கள், இல்லாவிட்டால் கல்லோடு வரும் பொடியே அடியில் மண்ணாகிவிடும்.

இவ்வளவு செய்தும் சில வருஷத்தில் மண் சேரத்தான் செய்யும். அப்போது முழு முற்றத்தையும் ஒரே நாளில் பெயர்க்காதீர்கள். நான் முயன்று முதுகு பிடித்துக்கொண்டு படுத்தேன். மாதத்துக்கு ஒரு மூலை. கல்லை அள்ளி, அரை அங்குலத்துக்கும் சிறிய கண் உள்ள சல்லடையில் போட்டு சிமெண்ட் சட்டிக்கு மேல் ஆட்டினால் கல் மேலே நிற்கும், மண் சட்டியில் விழும். போன மாதம் அப்படிக் கிடைத்த ஒரு சட்டி மண்ணைத் தொட்டியில் போட்டு மருள் நட்டேன். மருளுக்கு முன்னால் பதினோரு களைச்செடி முளைத்துவிட்டது.