சின்ன அறை, ஒரே லைட், ஒரு பேட்டி
பத்துக்குப் பத்து அறையில் வீடியோ பேட்டி எடுக்க வேண்டும், கையில் இருப்பது ஒரே ஒரு எல்இடி லைட் என்றால், முதலில் மேலே எரியும் விளக்கை அணையுங்கள், அது கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி காட்டிவிடும். பேசுபவரைச் சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி உட்கார வையுங்கள். லைட்டை 45 டிகிரி பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே வைத்து, அதன் முன்னால் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். வேட்டி முகத்துக்கு எவ்வளவு பக்கமோ, வெளிச்சம் அவ்வளவு மென்மை. (ஹாலஜன் என்றால் துணியே வேண்டாம், தீப்பிடிக்கும்.) மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். கருவிழியில் சின்ன வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் முகத்தில் உயிரே இருக்காது. கண்ணாடி போட்டவரா? கண்ணாடியில் லைட் பளிச்சிடாமல் இருக்க, அதை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். அப்புறம், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு மினுக்குவது வீடியோவில் தெரியாமல் இருக்க, கேமராவில் ஷட்டர் வேகம் 1/50 நொடி.