ஏஐ உதவியோடு கோட் எழுதும்போதும் ரசித்து எழுத: எதை ஒப்படைப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது

ஏஐ உதவியாளரை வைத்துக் கோட் எழுதும் நண்பர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. சிலர், "பல வருஷத்துக்கு அப்புறம் வேலையில் ஆசை வந்திருக்கிறது" என்கிறார்கள். மற்றவர்கள், "வேலை என்னவோ முடிகிறது, ஆனால் நான் எதையும் செய்த மாதிரியே இல்லை" என்கிறார்கள். பெரும்பாலும் இரு தரப்பும் பயன்படுத்துவது ஒரே கருவியைத்தான். வேலையில் எந்தப் பங்கை அதனிடம் தள்ளிவிட்டார்கள் என்பதுதான் வேறுபடுகிறது. புரோகிராமிங்கில் உங்களுக்குச் சந்தோஷம் தரும் இடம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒப்படைத்தால், அந்த இடமும் சேர்ந்து போய்விடும். நான் இப்போது எப்படி வேலை செய்கிறேன், கூட வேலை செய்பவர்களுக்கு என்ன சொல்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பட்டியல்

ஒரு வாரத்துக்கு ஒரு தாளை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எந்த வேலையில் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது என்று அவ்வப்போது குறித்துக்கொள்ளுங்கள். "பேக்எண்ட் பிடிக்கும்" என்று மொத்தமாக எழுதினால் பயன் இல்லை. "இந்த க்வெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடியது", "ஃபங்ஷனுக்குப் பெயர் யோசித்தது", "யாமல் ஃபைலில் (அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்) இடைவெளி சரிபார்த்தது" என்று எழுதுங்கள். அந்த அளவு நுணுக்கம் வேண்டும்.

என் தாளில், பிடித்த பக்கம் சின்னது. பக், அதாவது கோடில் இருக்கும் பிழை, அதன் ஆணிவேரைத் தேடுவது, தகவலை எந்த வடிவத்தில் வைப்பது என்று முடிவெடுப்பது, நீளமான ஃபங்ஷனைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது. பிடிக்காத பக்கம்தான் நீளம்: லைப்ரரி பதிப்பு மாற்றுவது, ஒரு ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) தரும் ஜேசான் வடிவத் தகவலை இன்னொன்றுக்கு ஏற்றபடி மாற்றுவது, ஃபார்ம் கட்டுவது, பில்ட் (கோடை ஓடும் மென்பொருளாக ஆக்கும் வேலை) அமைப்புகள். இந்த நீளமான பக்கம் முழுவதையும் தயங்காமல் ஏஐயிடம் கொடுக்கிறேன். அதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

எங்கள் குழுவில் இன்னொருவருக்கு இது தலைகீழ். திரையில் ஒரு விஷயம் ஓட ஆரம்பித்து, யாரோ ஒருவர் அதைத் தொட்டுப் பயன்படுத்துவதைப் பார்ப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். உள்ளே கோட் எப்படி இருக்கிறது என்பது அவருக்கு ரெண்டாம் பட்சம். அவர் என்னைவிட அதிகமாக ஏஐயிடம் கொடுக்கிறார், உற்சாகமாகவும் இருக்கிறார். அவருக்கு அதுதான் சரி. ஆகவே என் பட்டியலைக் காப்பி அடிக்காதீர்கள்.

சாம்பல் நிற எழுத்தை அணையுங்கள்

நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே மிச்ச வரியைச் சாம்பல் நிறத்தில் காட்டுகிறதே, அதை அணைத்துப் பாருங்கள். விஎஸ் கோட் என்ற எடிட்டரில் (கோட் எழுதும் மென்பொருள்) செட்டிங்ஸ் போய் "இன்லைன் சஜெஸ்ட்" என்று தேடினால் கிடைக்கும். மற்ற எடிட்டர்களிலும் இதற்கு ஒரு வழி இருக்கும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பாதி யோசனையில் இருக்கும்போது ஒரு முழு விடை கண் முன்னால் வந்து நின்றால், உங்கள் யோசனை அங்கேயே நின்றுவிடும். வந்த விடை சரியா என்று படித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். எழுதுகிறவராக இருந்தவர் ஒரு நொடியில் திருத்துகிறவராக மாறிவிடுகிறார், அதுவும் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ தடவை. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர், ஒருவர் வேலையில் ஆழ்ந்துபோகும் நிலையை ஆராய்ந்து அதற்கு "ஃப்ளோ" என்று பெயர் வைத்தார். தெளிவான இலக்கு, உடனுக்குடன் தெரியும் விளைவு, நம் திறமைக்கு ஈடான சவால் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும் என்றார். டேப் விசையைத் தட்டி, வந்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டே போகும்போது மூன்றாவது காணாமல் போகிறது.

முழுக்க அணைக்க மனசு வரவில்லையா? சரி, விஎஸ் கோடில் கண்ட்ரோலும் வலது அம்புக்குறியும் சேர்த்து அழுத்தினால் பரிந்துரையில் ஒரு சொல் மட்டும் ஏறும் (மேக்கில் கமாண்ட்). அதையாவது பழகுங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஏற்கும்போது அது உங்கள் கண்ணில் படுகிறது.

ஒரு பக், நெருக்கத்தில்

ஒப்படைக்கும் எல்லையை எங்கே போடுவது என்று ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன். நாங்கள் பராமரிக்கும் சந்திப்பு நேரம் பதிவு செய்யும் மென்பொருளில் ஒரு புகார் வந்தது. ஜூன் 15 என்று பதிந்த சந்திப்பு, சிலருக்கு மட்டும் ஜூன் 14 என்று தெரிகிறது. எங்கள் கணினிகளில் எல்லாம் 15 என்றே காட்டியது.

புகாரை அப்படியே ஏஐயிடம் ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். தேதியோடு ஒரு நாளைக் கூட்டச் சொன்னது. புகார் கொடுத்தவர்களுக்கு அது சரியாகிவிடும். மற்ற எல்லோருக்கும் 16 என்று காட்டும்.

அதை மூடிவிட்டு நானே தேட உட்கார்ந்தேன். புகார் சொன்ன அத்தனை பேரும் அமெரிக்காவில் இருப்பவர்கள் என்பது முதல் தடயம். ஜாவாஸ்கிரிப்டில் "2024-06-15" என்று தேதியை மட்டும் கொடுத்து டேட் (தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் பொருள்) உருவாக்கினால், அது யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதே தேதிக்குப் பின்னால் நேரத்தையும் சேர்த்து, நேர மண்டலம் சொல்லாமல் கொடுத்தால், பயனரின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யூடிசியில் 15-ஆம் தேதி நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் 14-ஆம் தேதி இரவு 8 மணி. டோக்கியோவில் 15-ஆம் தேதி காலை 9 மணி. யூடிசியைவிடக் கடிகாரம் முன்னால் ஓடும் கிழக்கு நாடுகளில் இருப்பவர்கள் யார் கண்ணிலும் இந்த பக் படாது. எங்கள் கண்ணில் படாததும் அதனால்தான். (போகிற போக்கில்: ஆண்டு, மாதம், நாள் என்று எண்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், ஆனால் மாதம் பூஜ்ஜியத்தில் தொடங்கும். ஜூனுக்கு 5.)

சந்திப்பு நாள் என்பது காலக்கோட்டில் ஒரு நொடி கிடையாது, அது நாட்காட்டியில் ஒரு கட்டம். அதை டேட் ஆக மாற்றியதே தப்பு என்று புரிந்த அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புரிந்த பிறகு மிச்ச வேலையை ஏஐயிடம் கொடுத்தேன். "கோட் முழுவதிலும் தேதி மட்டும் உள்ள சரத்தை (எழுத்து வரிசையை) டேட் ஆக மாற்றும் இடங்களைப் பட்டியலிடு, இன்னும் எதையும் மாற்றாதே" என்றேன். பிறகு நியூயார்க், லண்டன், டோக்கியோ நேர மண்டலங்களுக்கு டெஸ்ட் எழுதச் சொன்னேன். இரண்டையும் அருமையாகச் செய்தது. காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பங்கு, கண்டுபிடித்ததை நூறு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் பங்கு. டீபக் செய்ய, அதாவது பக்கின் காரணத்தைத் தேட, பிடித்தவர்கள் இந்த இடத்தில் எல்லைக்கோடு போடுங்கள்.

படிக்கும் வேலை கழுத்தை நெரிக்காமல் இருக்க

ஏஐ வந்த பிறகு புரோகிராமிங் கசந்துவிட்டது என்பவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேட்டால், நாள் முழுவதும் பிறத்தியார் கோடைப் படிக்கும் வேலையாகிவிட்டது என்பார்கள். நியாயமான கசப்பு. புரோகிராமர்கள் கேள்வி பதில் பகிரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2025-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், ஏஐ தரும் விடை "கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை" என்பதைத் தங்கள் எரிச்சலாகச் சொன்னவர்கள் 66 சதவீதம். முழுத் தப்பை உடனே தூக்கிப் போட்டுவிடலாம். கிட்டத்தட்ட சரியானதை வரி வரியாகப் படித்தாக வேண்டும், அதுதான் ஆளைச் சாய்க்கிறது.

இதற்கு நான் செய்வது: ஒரு தடவை கேட்கும்போது ஒரே ஒரு கமிட்டில் (ஒரு தடவையில் பதிவு செய்யும் மாற்றம்) அடங்கும் அளவுதான் கேட்பேன். வந்ததைக் கிட் என்ற, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் சேர்க்கும்போது "ஆட்" கட்டளையோடு "-பி" என்ற தெரிவைப் போட்டு ஓட்டுவேன். அது மாற்றத்தைத் துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். ஒரு துண்டை எனக்கு விளக்கத் தெரியவில்லை என்றால் அதைச் சேர்ப்பதில்லை. ஃபங்ஷன், மாறிகளின் பெயர்களை நானே மாற்றி எழுதுவேன். பெயர் வைக்கும்போதே பாதி புரிந்துவிடும், கோடும் என்னுடையது மாதிரி ஆகிவிடும்.

ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ) தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். கிட்டில் "வொர்க்ட்ரீ" என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே ரெப்போவை (திட்டத்தின் மொத்தக் கோட் தொகுப்பு) வேறு வேறு ஃபோல்டர்களில், வேறு வேறு பிராஞ்ச்களோடு (கோடின் தனித்தனிக் கிளைகள்) திறந்து வைக்கலாம். ஏஜென்ட்டுக்கு ஒரு ஃபோல்டர் ஒதுக்கிவிட்டு, உங்களுக்குப் பிடித்த வேலையை உங்கள் ஃபோல்டரில் தொடருங்கள். அது முடித்தால் முடிக்கட்டும், உங்களுக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது பாருங்கள்.

வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

எம்.இ.டி.ஆர். என்ற ஆய்வு அமைப்பு 2025-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தாங்கள் நன்கு அறிந்த ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில், அனுபவமுள்ள 16 பேர் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ இருந்தால் 24 சதவீதம் வேகமாக முடியும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது 19 சதவீதம் தாமதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறிவிட்டன, எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்றும் இல்லை. ஆனால் "வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது" என்ற உணர்வை நம்பக் கூடாது என்பதற்கு இது போதும். சாயங்காலம் கணினியை மூடும்போது, இன்று எழுதியதில் எதை வெள்ளைப்பலகையில் வரைந்து விளக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். நான் அளப்பது அதைத்தான்.

இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால்

உங்களுக்கு மேலே சொன்ன பட்டியல் இன்னும் பொருந்தாது. எது பிடிக்கும் என்று தெரிய, எல்லாவற்றையும் கொஞ்ச காலம் கையால் செய்திருக்க வேண்டும். முதல் தடவை செய்யும் எதையும் ஏஐயிடம் கொடுக்காதீர்கள். லூப், ரிகர்ஷன், ஜாயின் க்வெரி, எதுவாக இருந்தாலும் சரி. மூன்றாவது, நான்காவது தடவையில் அலுப்புத் தட்டினால் அப்போது தாராளமாகக் கொடுக்கலாம்.

மாட்டிக்கொண்டால் ஏஐயை ஆசிரியராக உட்கார வையுங்கள். "நீ கோட் எழுதாதே. நான் என் கோடையும் வரும் பிழையையும் தருகிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கேள்வியாக மட்டும் கேள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் அது பழக்க தோஷத்தில் முழு விடையையும் கொட்டப் பார்க்கும். கொட்டினால் படிக்காமல் அந்த உரையாடலை மூடிவிட்டு, அதே நிபந்தனையோடு புதிதாகத் தொடங்குங்கள்.