பினாங்கிலிருந்து ஆஸ்திரேலியத் தோட்டத்துக்கு: முறையான விசாவில் உடலுழைப்பு வேலை செய்வது எப்படி

ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போகிறேன் என்று பினாங்கின் பட்டர்வொர்த்தில் சொன்னபோது எனக்கு இரண்டு விதமான பதில்கள் கிடைத்தன. உறவினர்கள், தோட்டத்தை விட்டு வெளியே வரத்தானே உன்னைப் படிக்க வைத்தோம் என்றார்கள். நண்பர்களோ, விசாவெல்லாம் எதற்கு, சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்கினால் மற்றதை முகவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். முதல் கேள்விக்கு அவரவர்தான் வீட்டில் விடை சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது யோசனையை நம்பிப் போய், ஒரு வீட்டில் பத்துப் பேராகப் படுத்து, பேசிய கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு, கேள்வி கேட்கவும் வழியில்லாமல் திரும்பியவர்களை நான் நேரில் பார்த்திருப்பதால், முதல் முறை போகிறவர்களுக்காக முறையான வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த விசா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் கைத்தொலைபேசியிலேயே எளிதாக வாங்கிவிடும் இடிஏ என்னும் மின்னணுப் பயண அனுமதி சுற்றிப் பார்ப்பதற்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் பழம் பறித்தாலும் அது விதிமீறல்தான். இளைஞர்கள் ஊர் சுற்றிக்கொண்டே வேலை செய்வதற்கு ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ என்னும் 462ஆம் பிரிவு விசா இருக்கிறது. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும், அதாவது 31ஆம் பிறந்தநாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். பல்கலைக்கழக இளங்கலைப் படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுகளை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலத்துக்குச் சான்று வேண்டும்; ஐஎல்ட்ஸ் தேர்வில் சராசரி 4.5 எடுத்தாலே போதும். அத்துடன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் ஆதரவுக் கடிதமும் தேவைப்படுவதால், அந்தக் கடிதத்துக்கான வேலையை முதலில் தொடங்குங்கள்.

மலேசியர்களுக்கான இடங்கள் ஆண்டுதோறும் இத்தனை என்று வரையறுக்கப்பட்டவை. அந்த ஆண்டுக் கணக்கு ஜூலை முதல் தேதி தொடங்குவதால், மே மாதத்திலேயே எல்லாத் தாள்களையும் சேர்த்து வைத்திருப்பவர் முந்திக்கொள்கிறார். விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான் நடக்கிறது. கடிதங்களை ஏற்றவும் படிவம் நிரப்பவும் தெரிந்த ஒருவருக்கு முகவர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விசா இல்லாமலே கூட்டிப்போய், அங்கே இறங்கியதும் அடைக்கலம் கோரி மனுப் போட்டால் வேலை செய்யலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடைக்கலம் என்பது உயிருக்குப் பயந்து ஓடிவருபவர்களுக்கானது. பொய்யாக அதைக் கோரியது பிறகு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

நியூசிலாந்தும் மலேசியர்களுக்கு ஆண்டுக்கு 1,150 வேலை விடுமுறை விசாக்களைத் தருகிறது. ஆனால் அதில் ஆறு மாதங்கள்தான் தங்கலாம். சிறிது காலம் போய் வர நினைப்பவர்களுக்கு அதுவே போதும்.

படி 2: கையிருப்பு

விமானச் சீட்டைத் தவிர 5,000 ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குக் கையிருப்பைக் காட்ட வேண்டும். இதை வெறும் விதியாக எண்ணி, நண்பரிடம் கடன் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மழை பெய்தால் பறிப்பு இல்லை, பழம் பழுக்கவில்லை என்றால் பறிப்பு இல்லை, ஆனால் விடுதி வாடகை வாரந்தோறும் கேட்கும். எனக்கு முதல் சம்பளம் வந்தது தரையிறங்கிய 26ஆம் நாளில்தான்.

படி 3: பெட்டியில் எதை வைப்பது

கணுக்காலை மூடும் தடித்த காலணி, முழுக்கைச் சட்டை மூன்று, கழுத்தை மறைக்கும் தொப்பி ஆகியவை போதும். கையுறையை அங்கே வாங்கிக்கொள்ளலாம். நகரத்தை விட்டு வெளியே போனால் பேருந்து அரிது என்பதால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு போங்கள்.

உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அத்தை கட்டிக்கொடுத்த மூட்டையில் நெத்திலிச் சம்பாலும் கருவாடும் ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலையும் இருந்தன. விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று குறித்திருந்ததால், அதிகாரி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்தார். குறிக்காமல் மறைத்திருந்தால் அபராதம் கட்டியிருப்பேன். சந்தேகம் இருக்கும் எதையும் ‘ஆம்’ என்றே குறியுங்கள்.

படி 4: பருவம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் சிட்னியில் இறங்கிப் பிறகு தோட்டம் தேடலாம் என்பது பணத்தைக் கரைக்கும் வழி. எந்த மாதம் எங்கே பழம் பழுக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விமானச் சீட்டே வாங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் தாஸ்மானியாவில் செர்ரி. பிப்ரவரியை ஒட்டி விக்டோரியா மாநிலத்தின் மில்டூராவில் திராட்சை. அதே சமயத்தில் குயின்ஸ்லாந்தின் ஸ்டான்தோர்ப்பில் ஆப்பிள். ஆண்டின் நடுவில் பிரிஸ்பேனுக்கு வடக்கே கபூல்சர் பக்கம் ஸ்ட்ராபெரி. வாழை மட்டும் வடகுயின்ஸ்லாந்தின் இன்னிஸ்ஃபெயில், டல்லி ஊர்களில் ஆண்டு முழுவதும் வெட்டப்படுகிறது. டல்லியில் 7.9 மீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் சிலை நிற்கிறது. 1950ஆம் ஆண்டில் அங்கே பெய்த மழையின் அளவாம் அது. பினாங்கு மழையில் வளர்ந்தவர்கள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள அங்கே இடமில்லை.

இரண்டாவது ஆண்டுக்கும் விசா வேண்டுமென்றால், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வகை வேலையை மூன்று மாதங்கள், அதாவது 88 நாட்கள், செய்திருக்க வேண்டும். தோட்ட வேலை, மீன்பிடி, மரம் வளர்ப்பு, கட்டுமானம் முதலியன அந்த வகைகளில் அடங்கும். வேலையில் சேருவதற்கு முன்பே அந்த ஊரின் அஞ்சல் எண் அந்தப் பகுதிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்த பிறகு பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் எங்கள் விடுதியில் இருவர் இருந்தார்கள்.

கட்டுமான வேலைக்கு ‘ஒயிட் கார்டு’ என்னும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை தேவை. இறைச்சிக் கூடத்தில் சேர நினைப்பவர்களுக்கு க்யூ காய்ச்சல் தடுப்பூசி கேட்பார்கள்; ஆடுமாடுகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் அது.

படி 5: வரி எண்

வேலை தொடங்கும் முன் வங்கிக் கணக்கு ஒன்றும், டிஎஃப்என் எனப்படும் வரிக் கோப்பு எண்ணும் வேண்டும். அந்த எண்ணுக்கு வரித்துறையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. இந்த விசாவில் இருப்பவர்களுக்கு 45,000 டாலர் வருமானம் வரை முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி பிடிக்கப்படும். யாராவது டிஎஃப்என் வேண்டாம், ஏபிஎன் என்னும் தொழில் எண் எடுத்துக்கொண்டு வா என்று சொன்னால், உங்களைத் தொழிலாளியாக அல்லாமல் தனித் தொழில் நடத்துபவராகக் காட்டப் பார்க்கிறார் என்று பொருள். அப்படிக் காட்டிவிட்டால் குறைந்தபட்ச ஊதியம், காப்பீடு, சேமநிதி ஆகிய மூன்றையும் அவர் தரத் தேவையில்லாமல் போகும்.

படி 6: கூலி பேசுவது

மற்றப் படிகளில் தவறினால் சில வாரங்கள் வீணாகும். இதில் தவறினால் உழைப்பே வீணாகும் என்பதால் இங்கே சற்று நீட்டி எழுதுகிறேன்.

நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 24.95 டாலர். நிரந்தரம் இல்லாத ‘கேஷுவல்’ ஊழியருக்கு, விடுப்புச் சம்பளம் இல்லாததற்கு ஈடாக, அதன் மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும்; அப்படிப் பார்த்தால் மணிக்கு 31.19 டாலர். நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதத்துக்கு 1,700 வெள்ளியாக (ரிங்கிட்) உயர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், பாதிக் கூலி தந்தாலும் நாம் ஏன் வாயை மூடிக்கொண்டு வாங்குகிறோம் என்பது புரியும். முகவர்களின் பிழைப்பும் இந்த ஒப்பீட்டில்தான் நடக்கிறது. ஆனால் நீங்கள் அரிசியும் வாடகையும் டாலரில் கொடுக்கிறீர்கள். வெள்ளியில் மாற்றிப் பார்ப்பதைப் போன முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

தோட்டங்களில் மணிக்கூலிக்குப் பதிலாக, பெட்டிக்கு இவ்வளவு, வாளிக்கு இவ்வளவு என்று ‘பீஸ் ரேட்’ பேசுவது வழக்கம். 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டப் பயிர் வேலையில் இதற்கு ஒரு தரை போடப்பட்டிருக்கிறது: நீங்கள் எவ்வளவு மெதுவாகப் பறித்தாலும், வேலை செய்த மணிகளுக்கு உரிய குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே சம்பளம் இறங்கக் கூடாது, பீஸ் ரேட்டில் இருப்பவரின் வேலை நேரத்தையும் முதலாளி பதிவு செய்து வைக்க வேண்டும். சராசரித் திறமையுள்ள ஒருவர் மணிக்கூலியைவிட 15 விழுக்காடாவது கூடுதலாக ஈட்டும்படி அந்த விலை இருக்க வேண்டும் என்பதும் விதி. விலையை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் சேராதீர்கள்.

மில்டூராவில் நான் சேர்ந்தது நேராகத் தோட்டக்காரரிடம் அல்ல, ஆள் சேர்த்துத் தரும் குத்தகையாளர் ஒருவரிடம். அவரே வேன் ஓட்டினார், அவரே வீடு தந்தார், அவரே பெட்டி எண்ணினார். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்கு அங்கேதான் விளங்கியது. அந்தக் காலத்துக் கங்காணிக்கு, தன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு உண்டு. ஆகையால் ஆள் எண்ணிக்கை அவருக்கு முக்கியம், அந்த ஆளின் வயிறு அவ்வளவு முக்கியமில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அன்றன்று நிறுத்த பாலின் எடையைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி வாய்விட்டுச் சொல்லும்போது மனத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சுவரில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைப்பாராம். சம்பள நாளில் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் குறைந்தால் அந்தச் சுவரைக் காட்டிச் சண்டை போடுவாராம்.

என் சுவர் ஒரு சிறிய குறிப்பேடு. வேனில் ஏறிய நேரம், முதல் கொத்து வெட்டிய நேரம், சாப்பாட்டு இடைவேளை, முடித்த நேரம், பெட்டி எண்ணிக்கை ஆகியவற்றை அந்தந்த நாளே எழுதினேன். அடுக்கிய பெட்டிகளை மாலையில் ஒரு படம் எடுத்தேன். இரண்டாவது வாரச் சம்பளச் சீட்டில் 31 மணி என்றிருந்தது. என் குறிப்பேட்டில் 38. நான் கத்தவில்லை, பக்கங்களைப் படம் பிடித்து, “அண்ணா, இந்த ஏழு மணி எங்கே?” என்று குத்தகையாளருக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினேன். அவரும் நம் ஆள்தான், தமிழர்தான். அது எந்த வகையிலும் உதவவில்லை. படங்கள் உதவின. அடுத்த வாரம் ஒரு வார்த்தையும் பேசாமல் விட்டுப்போன தொகையைச் சேர்த்துப் போட்டிருந்தார். எழுதிவைக்கச் சோம்பலாக இருந்தால், ‘ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன்’ என்னும் அரசு அலுவலகம் வேலை நேரத்தைப் பதிவதற்கென்றே ஒரு கைத்தொலைபேசிச் செயலியை இலவசமாகத் தருகிறது. கூலித் தகராறுகளைக் கேட்பதும் அதே அலுவலகம்தான். ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது 13 13 94 என்ற எண்ணில் அதை அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை மூலம் தமிழில் பேசவும் வழி கேட்கலாம்.

சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிறேன், சீட்டு வேண்டாம் என்று சொல்பவர்களிடம் ஒரு நாளும் இருக்காதீர்கள். சீட்டு இல்லாத நாட்களை 88 நாள் கணக்கில் காட்ட முடியாது. சம்பளம் தந்த ஒரு வேலை நாளுக்குள் சீட்டைத் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

படி 7: உடம்பு

முதல் வாரம் வலிக்கும். இரண்டாவது வாரம் அதைவிட வலிக்கும். மூன்றாவது வாரத்தில் உடம்பு பழகிவிடும் என்பதால், இரண்டாவது வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மில்டூராவின் பிப்ரவரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நம் ஊர் வெயிலைப் போல வியர்க்காது. காற்று காய்ந்திருப்பதால் வியர்வை வந்த இடம் தெரியாமல் போகும், தாகமும் தாமதமாகத்தான் தெரியும். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். கறுப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு நான்காம் நாள் கழுத்து உரிந்தது.

பிறகு இன்னிஸ்ஃபெயில் பக்கம் வாழைத் தோட்டத்துக்குப் போனேன். வெட்டுபவர் மரத்தின் நடுவில் கத்தியால் ஒரு கீறு கீறுவார். மரம் மெல்ல மடங்கும்போது கீழே தோளைக் கொடுத்து நிற்பவர்மீது தார் முழுதாக வந்து உட்காரும். காம்பை வெட்டியதும் அதைச் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து வண்டியில் வைக்க வேண்டும். எனக்குக் கொட்டகையில், தாரிலிருந்து சீப்புகளை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடும் வேலை கிடைத்தது அதிர்ஷ்டம். வாழைக்கறை பட்ட சட்டை எந்தச் சோப்புக்கும் மசியாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். சட்டையைவிட முக்கியமான ஒன்று: அந்தப் பகுதி வாழைத் தோட்டங்களில் எலிக்காய்ச்சல் உண்டு. நம் நாட்டில் ‘கென்சிங் தீக்குஸ்’ என்று பயப்படுகிறோமே, அதேதான். கையிலோ காலிலோ கீறல் இருந்தால் நீர் புகாதபடி கட்டுப்போட்டு, அதன் மேல் கையுறை அணியுங்கள். காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தால், வாழைத் தோட்டத்தில் வேலை செய்வதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

படி 8: திரும்பும்போது

உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி 12 விழுக்காட்டை ஓய்வுக்கால நிதியில் போட்டிருக்க வேண்டும். நம் ஊழியர் சேமநிதியைப் போன்றது. நாட்டை விட்டு வெளியேறி விசாவும் முடிந்த பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் இந்த விசாவில் போனவர்களுக்கு அதிலிருந்து 65 விழுக்காட்டை வரியாக எடுத்துக்கொள்வார்கள். அநியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது. மீதி 35 விழுக்காட்டைக் கேட்காமல் விடுவது அதைவிட அநியாயம். வேலை மாறும்போதெல்லாம் புதிய நிதிக் கணக்கைத் திறக்க விடாமல், ஒரே கணக்கு எண்ணை எல்லா முதலாளிகளிடமும் கொடுத்துவந்தால் கடைசியில் தேடி அலைய வேண்டியதில்லை. அவர்களின் வரி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது; கணக்குத் தாக்கல் செய்வதை இணையத்தில் பட்டர்வொர்த்திலிருந்தே முடிக்கலாம். எனவே விமானம் ஏறும் அவசரத்தில் அங்குள்ள வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். நான் மூடிவிட்டேன், வரவேண்டிய பணத்தைப் பினாங்குக்கு வரவழைக்க நான்கு மாதங்கள் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.