இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்

"ஜவ்வு விலகியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்று கேட்டுவிட்டு எம்ஆர்ஐ கவரோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா? முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: வலி இடுப்பில் அதிகமா, காலில் அதிகமா? ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்; அது பிதுங்கினால் நரம்பை அழுத்தும். நரம்பை அழுத்துவதை எடுத்துவிடுவதுதான் இந்த ஆபரேஷன். புட்டத்தில் தொடங்கி தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும் குடைச்சல் இதில் நன்றாகக் குறையும். இடுப்பு வலி குறையும் என்று யாரும் உறுதி தர முடியாது. "பண்ணியும் பிரயோஜனம் இல்லை" என்ற புலம்பல் பல நேரம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வலியே இல்லாத 50 வயதுக்காரர்களிலும் பலருக்கு ஜவ்வுப் பிதுக்கம் படத்தில் தெரியும். படமும் காலும் ஒத்துப்போக வேண்டும். எல்5 நரம்பு (இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு) அழுந்தினால் கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறையும், புறங்கால் மரத்துப்போகும். எஸ்1 (அதற்கு அடுத்துக் கீழே உள்ள நரம்பு) என்றால் நுனிக்காலில் எழும்பி நிற்க முடியாது, சுண்டுவிரல் ஓரம் மரமரக்கும். டாக்டர் உங்களைக் குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கவைத்துப் பார்க்கவே இல்லை என்றால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

வயதானவர்களுக்கு, முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் கால்வாய் சுருங்குவது, அதாவது ஸ்டெனோசிஸ், வேறு மாதிரி. நடந்தால் இரண்டு காலும் கனக்கும். உட்கார்ந்தாலோ குனிந்தாலோ விட்டுவிடும். மெரினாவில் பத்து நிமிஷம் நடக்க முடியாதவர் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி அரைமணி நேரம் சுற்றுவார். குனியும்போது கால்வாய் சற்று விரிகிறது, அதுதான் சங்கதி. உட்காராமல், சும்மா நின்றாலே வலி போய்விடுகிறதென்றால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு முதுகில் கத்தி வைத்தால் கால் அப்படியேதான் இருக்கும்.

ஜவ்வு விலகிய கால்வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தானாக அடங்கும். அதுவரை மாத்திரை, நடை, பிசியோதெரபி போதும். காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு: சிறுநீர் வராமல் நின்றுபோவது, மலம் தெரியாமல் கழிவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது வந்தாலும் காலை ஓபி வரை பொறுக்காமல் 108-ஐ அழையுங்கள். முதல் மூன்றுக்கும் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

ஜவ்வுக்கு மைக்ரோடிஸ்கெக்டமி: 2–3 செ.மீ. வெட்டு, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். முழு ஜவ்வும் போய்விடாது. மிச்சம் இருப்பது மறுபடி பிதுங்கலாம். நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அப்படி ஆகிறது. ஸ்டெனோசிஸுக்குப் பின்பக்க எலும்பில் ஒரு பகுதியும், தடித்துப்போன மஞ்சள் தசைநாரும் எடுக்கப்படும். ஸ்க்ரூ, ராடு வைப்பது பெரும்பாலும் எலும்பு முன்னால் நழுவி ஆடும்போதுதான். "குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தீர்களா, எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்வீடனில் 247 ஸ்டெனோசிஸ் நோயாளிகளை வைத்து நடந்து, 2016-இல் வெளியான ஆய்வில், அழுத்தம் மட்டும் நீக்கியவர்களைவிட ஸ்க்ரூவும் சேர்த்து வைத்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்தும் மேலாக இல்லை. பில் மட்டும் ஏறும்.

செலவுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். முன் அனுமதி வந்த பிறகு அட்மிஷன் போடுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவு உண்டு.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்; ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. எப்போது நிறுத்துவதென்று இதய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8-ஐத் தாண்டினால் தேதியைத் தள்ளுவது நல்லது, புண்ணில் சீழ் பிடிக்கலாம். சிகரெட்டை ஒரு மாதம் முன்பே விடுங்கள், ஸ்க்ரூ வைக்கப்போகிறவர்கள் கட்டாயம். நிகோடின் எலும்பு சேர்வதைத் தடுக்கும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை குடிக்கலாம். பால் காபிக்கு 6 மணி நேரம். "ஒரு வாய்தானே" என்று குடித்துவிட்டு வந்தால் லிஸ்டிலிருந்து பெயர் போய்விடும்.

தியேட்டரில் குப்புறப் படுக்கவைத்து, வயிறு அழுந்தாமல் தொங்கவிடுவார்கள். வயிறு அழுந்தினால் ரத்தம் அதிகம் கசியும். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் எந்த முள்ளெலும்பு மட்டம் என்பதை உறுதி செய்த பிறகே எலும்பைத் தொட வேண்டும். சிலருக்கு இடுப்பு முள்ளெலும்பு ஐந்துக்குப் பதில் ஆறோ நாலோ போலத் தெரியும். தவறான மட்டத்தில் திறப்பது பல நேரம் இந்தக் கணக்குப் பிசகால்தான். ரிப்போர்ட்டில் 'சாக்ரலைசேஷன்', 'லம்பரைசேஷன்' என்ற சொல் இருந்தால் டாக்டர் கண்ணில் படும்படி காட்டுங்கள்.

ஆபரேஷனின்போது நரம்புறை கிழிந்தால் தண்டுவட நீர் கசியும். எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, படுத்தால் குறையும். கட்டு தெளிந்த நீரால் நனைந்திருக்கும். உடனே சொல்லுங்கள். முதல் ஓரிரு நாளில் கால் வலு திடீரென்று குறைந்தால் உள்ளே ரத்தக்கட்டு அழுத்துவதாக இருக்கலாம், இரவு இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்புங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு காய்ச்சலும் புண்ணில் சிவப்பும் வந்தால் தொற்று.

வீட்டில் பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். மாடிப்படி பிரச்சினையில்லை, மெதுவாக ஏறலாம். இந்தியன் டாய்லெட்டுக்கு நாற்காலி கமோடு வாங்கிவிடுங்கள். 6 வாரம் இரண்டு, மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம் 15 கிலோ வரும். லாரி வந்தால் வேறு யாராவது போகட்டும். கோலம், அரிவாள்மனை, டூ-வீலர், ஆட்டோவில் குண்டும் குழியுமான தெரு எல்லாவற்றுக்கும் அதே கெடு. நடை மட்டும் முதல் நாளிலிருந்தே: ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை, பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

குடைச்சல் முதலில் போகும், வலு அப்புறம், மரமரப்பு கடைசியில். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். நீண்ட நாள் மரத்திருந்த பாதத்தில் ஒரு துண்டு மரமரப்பு அப்படியே தங்கிவிடவும் கூடும். அந்தக் காலால் செருப்பில்லாமல் வெளியே இறங்காதீர்கள்.