தேவனாம்பட்டினத்துத் தண்ணீரும் ஒரு வீழ்படிவுக் கணக்கும்

கடலூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வீழ்படிவுக் (கரைசல்கள் சேரும்போது கரையாமல் திரண்டு படியும் திடப்பொருள்) கணக்கு வந்தால் தேவனாம்பட்டினத்து அடிபம்புத் தண்ணீரைத்தான் கையில் எடுப்பேன். கடலோரத் தண்ணீர், வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் குளோரைடு எவ்வளவு? சில்வர் நைட்ரேட் விட்டால் அதிலுள்ள வெள்ளி குளோரைடோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படியும்; அந்த எடையிலிருந்து கண்டுபிடிக்கலாம்.

100 மில்லி தண்ணீரில் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விடுங்கள். இல்லையென்றால் கார்பனேட்டும் வெள்ளியோடு சேர்ந்து படிந்து எடையைக் கூட்டிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் வேண்டாம். எதை அளக்க வந்தோமோ அதையே நாமே ஊற்றின மாதிரி ஆகும். அப்புறம் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சில்வர் நைட்ரேட் 25 மில்லியைக் கலக்கிக்கொண்டே விடுங்கள். தயிர் போலத் திரளும். லேசாகச் சூடாக்கினால் அடியில் இறங்கிவிடும். தெளிந்த மேல்நீரில் இன்னொரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். கலங்கினால் இன்னும் ஊற்ற வேண்டும். கலங்காவிட்டால் குளோரைடு தீர்ந்துவிட்டது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்துவது, அதுதான்.

வெயிலில் வைக்காதீர்கள், வீழ்படிவு ஊதா நிறமாகும். கண்ணாடி வடிகுரூசிபிளில் (அடியில் வடிகட்டி உள்ள சிறு கிண்ணம்) வடித்து, மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவி, 110 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள்.

எடை 0.287 கிராம் என்று வையுங்கள். கிராமிலேயே விகிதம் போட உட்கார்ந்துவிடாதீர்கள், பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அங்கேதான். சமன்பாடு பேசுவது மோலில், அதாவது துகள்களின் எண்ணிக்கையில். சில்வர் குளோரைடின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை) 143.5 கிராம், 287 மில்லிகிராமை அதால் வகுத்தால் 2 மில்லிமோல். வெள்ளியும் குளோரைடும் ஒன்றுக்கு ஒன்று, ஆக குளோரைடும் 2 மில்லிமோல். குளோரைடின் மோலார் நிறையான 35.5 ஆல் பெருக்கினால் 71 மில்லிகிராம். லிட்டருக்கு 710. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவு 250; வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1000 வரை. சோடியமும் நைட்ரேட்டும் வேடிக்கை பார்ப்பவை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விடையை நம்புமுன் ஒரு சோதனை. ஊற்றிய வெள்ளி 0.1 × 25 = 2.5 மில்லிமோல். அதிலிருந்து 359 மில்லிகிராமுக்கு மேல் வீழ்படிவு வரவே வராது. தராசு அதிகம் காட்டினால் சரியாக உலரவில்லை, அல்லது வேறு ஏதோ கூடப் படிந்திருக்கிறது.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அரை மில்லிமோல் வெள்ளி அதில் இருக்கிறது. தனி பாட்டிலில் சேர்த்து வையுங்கள். விரலில் பட்டால் கறுத்துவிடும், சோப்புக்கும் போகாது.